ஆநிரையும் காதலும்

வண்டலூரில், நூலக வாசகர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இந்தக் கூட்டத்துக்கு அழைக்க வந்த தம்பி தலைப்பைச் சொன்னதும் நான் இரண்டு தடவை கேட்டேன். அமெரிக்க மேற்கு எல்லைப்புறத்துச் சரித்திரக் காதல் கதைகள். "வண்டலூருக்கும் வயோமிங்குக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றேன். "அதை நீங்கதான் சார் வந்து சொல்லணும்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சரி, சம்பந்தம் பேசித்தான் பார்ப்போமே என்று வந்திருக்கிறேன். பெண் வீடு எது, மாப்பிள்ளை வீடு எது என்பதைக் கடைசியில் நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பில் கணக்குப் புத்தகத்துக்குள் லயன் காமிக்ஸை வைத்துப் படித்துப் பிடிபட்டவன் நான். சிவகாசியிலிருந்து அது 1984-இல் வரத் தொடங்கிய புதிது. வாத்தியார் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். தொப்பி, குதிரை, துப்பாக்கி. "நீ மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு" என்றார். கௌபாய் என்ற சொல்லுக்கு மாடு மேய்க்கும் பையன் என்றுதான் பொருள் என்பது அன்றைக்கு எனக்கும் தெரியாது, அவருக்கும் தோன்றியிருக்காது. தெரிந்திருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம். அடியும் குறைந்திருக்கும்.

ஒரே தொழில். இங்கே அது வசவு. அங்கே அதுதான் கதாநாயக லட்சணம். இது எப்படி ஆயிற்று என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

முதலில் அந்த ஊர்க் கதை. 1862-இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. மேற்கே போய் 160 ஏக்கரை வளைத்து, ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் உனக்கே. 1869-இல் யூட்டா பகுதியில் கிழக்கிலிருந்து வந்த தண்டவாளமும் மேற்கிலிருந்து வந்த தண்டவாளமும் ஒன்று சேர்ந்தன. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு டெக்சாஸிலிருந்து மந்தை மந்தையாக மாடுகளை வடக்கே கான்சாஸ் ரயிலடிக்கு ஓட்டிப்போனார்கள். ரயில் நின்ற இடத்தில் ஊர் முளைத்தது. இது நமக்குப் புரியாத விஷயமில்லை. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் விட்டார்கள். அதற்கப்புறம் தாம்பரம் என்ன ஆயிற்று என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். சென்னையின் விளிம்பு அப்படியே ஜி.எஸ்.டி. சாலை வழியாகத் தெற்கே நகர்ந்தது. 1985-இல் நகரத்து மிருகக்காட்சி சாலையே இங்கே உங்கள் பக்கத்தில் குடியேறியது. 2023 கடைசியில் கிளாம்பாக்கத்துக்குப் பேருந்து நிலையமும் வந்துவிட்டது. சிங்கம் முதலில் வந்தது, பஸ் அப்புறம் வந்தது. எல்லைப்புறம் என்றால் இப்படித்தான், நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கு இருக்காது.

அமெரிக்காவில் அந்த எல்லை 1890-இல் தீர்ந்துபோனது. அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்துவிட்டு, இனி எல்லைக்கோடு என்று காட்ட எதுவும் இல்லை என்று அதிகாரிகள் எழுதினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று ஊண்டட் நீ என்னுமிடத்தில் லகோட்டா மக்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, படையினர் சுட்டுத் தள்ளினார்கள். காலி நிலம், யாருமில்லாத நிலம் என்று கதைகள் சொல்லும். இந்த இரண்டையும் ஒரே ஆண்டில் வைத்துப் பார்த்தால் நிலம் எப்படிக் காலியானது என்று தெரியும்.

மாடு ஓட்டிய காலம் மொத்தமும் இருபது ஆண்டுதான். முள்கம்பி வந்தது, மேய்ச்சல் வெளி துண்டு துண்டானது. 1886–87 குளிர்காலத்துப் பனியில் மந்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கௌபாய்களில் பலர் மெக்சிகர்கள், கறுப்பினத்தவர். கூலி குறைவு, புழுதி அதிகம். ஆனால் அந்தத் தொழில் செத்த பிறகுதான் கதை பிறந்தது. 1902-இல் ஓவன் விஸ்டர் 'தி வர்ஜீனியன்' என்ற நாவலை எழுதினார். பிலடெல்பியாக்காரர், ஹார்வர்டில் படித்தவர், உடல்நலம் தேடி வயோமிங் போனவர். இன்றைக்கும் எல்லைப்புறக் காதல் கதை எழுதுகிற எல்லோரும் தெரிந்தோ தெரியாமலோ அந்தப் புத்தகத்தின் வீட்டில்தான் குடியிருக்கிறார்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதாநாயகனுக்குப் பெயரே கிடையாது, ஊரை வைத்து வர்ஜீனியன் என்கிறார்கள். பெரிய பண்ணையில் மாடு மேய்ப்பவன். கிழக்கே வெர்மான்ட்டிலிருந்து மாலி என்ற பெண் பள்ளி ஆசிரியையாக வருகிறாள். அவன் அவளிடம் புத்தகம் வாங்கிப் படிக்கிறான், காயம்பட்டுக் கிடக்கும்போது அவள் காப்பாற்றுகிறாள். இதெல்லாம் நாம் நூறு சினிமாவில் பார்த்ததுதான். நடுவில்தான் ஒரு முள் இருக்கிறது. வர்ஜீனியனின் உயிர்த்தோழன் ஸ்டீவ் மாடு திருடிப் பிடிபடுகிறான். அவனைத் தூக்கில் போடும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது வர்ஜீனியன். ஸ்டீவ் மற்ற எல்லோரிடமும் விடைபெறுகிறான், இவனிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது இவனை உள்ளே அரிக்கிறது. பிறகு ஒரு பழைய செய்தித்தாளில் ஸ்டீவ் கிறுக்கி வைத்த வரிகள் கிடைக்கின்றன: உன்னிடம் பேசியிருந்தால் குழந்தை மாதிரி அழுதிருப்பேன் என்ற பொருளில். நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

மாலி இதைக் கேட்டுத் துடிக்கிறாள். நீதிமன்றம் இல்லாமல் ஒருவனைத் தூக்கில் போடுவது கொலை இல்லையா என்கிறாள். பண்ணை முதலாளியான நீதிபதி ஹென்றி அவளுக்கு விளக்கம் சொல்கிறார், இங்கே அது நியாயம்தான் என்று. ஆசிரியர் முதலாளி பக்கம் சாய்ந்துவிடுகிறார். கடைசியில் கல்யாணத்துக்கு முதல் நாள் வில்லனோடு துப்பாக்கிச் சண்டை. போனால் நமக்குள் எல்லாம் முடிந்தது என்கிறாள் மாலி. போகிறான், சுட்டுக் கொல்கிறான், திரும்பி வருகிறான். அவள் ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். படித்த பெண்ணின் கேள்வி காதலில் கரைந்துபோகிறது. இந்த வகைக் கதையின் சுவையும் அதுதான், குறையும் அதுதான்.

இப்போது நாவலை விட்டு நிஜத்துக்கு வாருங்கள். அதே வயோமிங், 1889 ஜூலை 20. ஸ்வீட்வாட்டர் பள்ளத்தாக்கில் எல்லா வாட்சன் என்ற பெண்ணையும் ஜிம் அவெரல் என்பவரையும் பண்ணை முதலாளிகள் சேர்ந்து மரத்தில் தூக்கில் தொங்கவிட்டார்கள். குற்றச்சாட்டு, மாட்டுத் திருட்டு. அவெரல் சிறு கடை வைத்திருந்தார், தபாலும் அவர் பொறுப்பு. பெரிய பண்ணைக்காரர்களைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதியவர். பக்கத்திலேயே அந்தப் பெண்ணும் தன் பெயரில் நிலம் கோரியிருந்தார். இருவரும் 1886-இல் திருமண உரிமம் வாங்கியிருக்கிறார்கள். வெளியே சொல்லவில்லை. மணமான பெண் தனியாக நிலம் கோர முடியாது என்ற சட்டம்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். செத்த பிறகு தலைநகரப் பத்திரிகைகள் அவரை விலைமகள் என்றும் மாட்டுத்திருடி என்றும் எழுதின. ஒருவருக்கும் தண்டனை இல்லை. எல்லைப்புறத்துக் காதல் கதை வேண்டுமென்றால் இதுதான் கதை. நிலத்துக்காகத் தாலியை மறைத்த ஜோடி. விஸ்டர் அந்த வட்டாரத்தில் திரிந்த காலத்தில் நடந்தது. ஆனால் அவருக்குக் கதாநாயகனாகக் கிடைத்தவன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவன்.

இந்த மாட்டுத் திருட்டை மறக்காமல் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வாருங்கள்.

தொல்காப்பியர் காதலை அகம் என்றார், போரைப் புறம் என்றார். இது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது. அவர் இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு அகத்திணைக்கும் ஒரு புறத்திணையை ஜோடி சேர்த்தார். களவுக் காதலுக்கு உரிய குறிஞ்சிக்கு எதை ஜோடி சேர்த்தார்? வெட்சியை. வெட்சி என்றால் ஆநிரை கவர்தல், பச்சையாகச் சொன்னால் மாடு பிடித்துக்கொண்டு போவது. உரைகாரர்கள் காரணம் சொல்கிறார்கள்: இரண்டும் மலைப்பக்கத்தில் நடப்பவை, இரண்டும் மறைவாக நடப்பவை, இரண்டுக்கும் நள்ளிரவே நேரம். காவல்காரன் கண்ணைக் கட்டி ஒருவன் பெண்ணைச் சந்திக்க வருகிறான். இன்னொருவன் பட்டியை உடைக்க வருகிறான். இரண்டு பேரும் ஒரே இருட்டில், ஒரே ஒற்றையடிப் பாதையில் நடக்கிறார்கள். ஹாலிவுட்காரன் கண்டுபிடித்ததாக நினைக்கும் சூத்திரத்தை நம் இலக்கணக்காரர் வாய்ப்பாடாகவே எழுதி வைத்துவிட்டார்.

அகநானூற்றில் 400 பாட்டு. ஒற்றைப்படை எண் உள்ளவை எல்லாம் பாலை. அதாவது சரிபாதி, 200. ஒரு காதல் தொகுப்பில் பாதிக்குப் பாதி வறண்ட காடு, கள்ளர் பயம், வழிப்பறியில் செத்தவர்கள் மேல் தழையும் கல்லும் குவித்த பதுக்கை, தண்ணீர் தேடி அலையும் யானை. மாமூலனார் என்ற புலவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பாட்டு பெரும்பாலும் பாலைதான். வேங்கடத்துக்கு அப்பால் மொழி மாறிப்போகும் தேசம் என்று வடக்கெல்லையைக் காட்டுவார். அந்த மலையில் கள்வர் தலைவன் புல்லி. பொருள் தேடிப் போகிறவன் அந்தப் பாதையில்தான் போகவேண்டும். நம்முடைய மேற்கு, வடக்கே இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன், இல்லை, இன்னும் ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கதையில் பெண் எல்லைப்புறத்துக்கு வந்து சேர்கிறாள். ரயிலில் வருகிறாள், வண்டியில் வருகிறாள், கையில் பள்ளிக்கூடமும் வேதப்புத்தகமும் இருக்கின்றன. அவள் வந்தால் ஊர் அடங்கிவிடும். நம் உடன்போக்குப் பாட்டில் பெண் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். பந்தும் பாவையும் வீட்டில் கிடக்க, சிலம்பு கழற்றி வைத்துவிட்டு, இரவோடிரவாக அவனோடு அந்தக் கள்ளர் காட்டுக்குள் நடக்கிறாள். அங்கே பெண் ஒழுங்கைக் கொண்டுவருகிறாள். இங்கே பெண் ஒழுங்கை உடைக்கிறாள். பின்னால் செவிலித்தாய் தேடிக்கொண்டு ஓடுகிறாள், எதிரே வருகிறவர்களை நிறுத்தி ஒரு பையனும் பெண்ணும் போனார்களா என்று கேட்கிறாள். அமெரிக்க நாவல்களில் நான் பார்த்தவரை இப்படித் தேடி வரும் தாய் அபூர்வம். அந்தத் தாயின் கால் கொப்புளம் இல்லாமல் எனக்கு எல்லைப்புறக் காதல் நிறைவதில்லை.

சரி, இத்தனை சொத்தை வைத்துக்கொண்டு நாம் நாவல் எழுத வந்தபோது என்ன செய்தோம்?

1895-இலேயே திருகோணமலைக்காரர் சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி'யை எழுதிவிட்டார். தமிழின் முதல் சரித்திர நாவல், நாயக்கர் அரண்மனைக் காதல். வர்ஜீனியனுக்கு ஏழு ஆண்டு மூத்தது. அப்புறம் 1941-இல் கல்கி தன் பத்திரிகையைத் தொடங்கிச் சரித்திரத் தொடர்கதைக்கு ராஜபாட்டை போட்டார்.

இங்கே ஒரு குடும்ப ரகசியம் சொல்லவேண்டும். சரித்திர நாவலுக்கு உலகம் முழுக்கப் பாட்டனார் ஸ்காட்லாந்துக்காரர் வால்டர் ஸ்காட். அவரைப் பார்த்து அமெரிக்காவில் ஃபெனிமோர் கூப்பர் எழுதினார். அந்த வழியில்தான் கௌபாய்க் கதை வந்தது. ஸ்காட்டின் சாயல், டூமாஸின் சாயல் கல்கியின் கட்டுமானத்தில் உண்டு என்று விமர்சகர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அப்படியானால் வந்தியத்தேவனும் அந்தத் தொப்பிக்காரனும் பங்காளிகள். அந்தப் பாட்டனார் வீட்டுக் கதை இன்னும் வேடிக்கை. ஸ்காட்டின் முன்னோர் இங்கிலாந்து எல்லையில் மாடு கவர்ந்து வாழ்ந்தவர்கள். அவர்களில் ஹார்டன் ஊர் வாட் ஸ்காட் என்பவரைப் பற்றி ஒரு குடும்பக் கதை உண்டு. வீட்டில் இறைச்சி தீர்ந்துவிட்டால் மனைவி அவர் முன்னால் ஒரு தட்டை மூடிக் கொண்டுவந்து வைப்பாளாம். திறந்தால் உள்ளே குதிமுள் இருக்கும், குதிரையை விரட்டக் காலணியில் மாட்டுகிற இரும்பு முள். கிளம்பு, அடுத்த மந்தையைப் பிடித்து வா என்று பொருள். வெட்சிக்கு மனைவி கொடுத்த சீட்டு! தொல்காப்பியர் கேட்டிருந்தால் இதற்கென்று ஒரு துறையே வகுத்திருப்பார்.

கல்கிக்கு எல்லைப்புறம் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அரண்மனைக்குள் போகும் முன்பே, 1937-இல், ஆனந்த விகடனில் 'கள்வனின் காதலி' எழுதினார். கொள்ளிடத்துப் படுகை, நாணல் காடு, ஒளிந்து வாழும் கள்ளன் முத்தையன், அவனை நினைத்துக்கொண்டே கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட கல்யாணி, தேடும் போலீஸ். பெண்வேடம் போட்ட நண்பனை முத்தையன் தழுவி நிற்பதைக் கல்யாணி பார்த்து, வேறொருத்தி என்று நினைத்துவிடுகிறாள். அந்த ஒரு கணத்துப் பொறாமையில் அவன் இருக்குமிடம் போலீசுக்குத் தெரிந்துவிடுகிறது, அவன் குண்டடிபட்டுச் சாகிறான். தொப்பியும் பாலைவனமும் இல்லையே தவிர, அசல் எல்லைப்புறக் காதல் அது. சட்டம் ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம். கல்கியின் நாவல்களில் எனக்கு நெருக்கமானது அதுதான் என்று சொன்னால் பொன்னியின் செல்வன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், தேநீர் வாங்கித் தருகிறேன்.

அதற்குப் பிறகு நம் சரித்திரக் காதல் கோட்டைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. இளவரசி, நந்தவனம், சுரங்கவழி, சதி. கதாநாயகன் குதிரையில் வருவான், ஆனால் ஓலை கொண்டு வருவான். அவன் மாட்டைப் பற்றிப் பேசி நான் படித்ததில்லை. சாண்டில்யன் எல்லையைத் தேடிப் போனவர்தான், மறுக்கவில்லை. 'மலைவாசல்' நாவலில் ஹூணர் படையெடுத்து வருகிற குப்தர் காலத்து வடமேற்குக் கணவாய்க்குப் போனார். 'கடல் புறா'வில் கடலைத் தாண்டினார். வேங்கடத்து அடிவாரத்துக்கு, தகடூர்க் காட்டுக்கு, செங்கத்து மேய்ச்சல் வெளிக்கு அவர் குதிரை திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் பெண்ணின் வருணனைக்கே நான்கு அத்தியாயம் போயிருக்கும். மாடு பொறுமையாகக் காத்திருக்க வேண்டியதுதான்.

மேடை போட்ட கதையை விட்டு ஓரத்துக்குப் போய்ப் பார்த்தால் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்து அசலான எல்லைப்புற நாவலை எழுதிக்கொண்டிருந்தார். கி. ராஜநாராயணன், இடைசெவல். 'கோபல்ல கிராமம்', 1976. இதை யாரும் அந்தக் கண்ணால் பார்க்கவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. சென்னாதேவி என்றொரு அழகுப் பெண். அவளை அடைய ஒரு ராஜா ஆசைப்படுகிறான். அவளைக் கொடுக்க மனமில்லாமல் ஒரு குலமே ராத்திரியோடு ராத்திரியாகத் தெலுங்கு தேசத்தை விட்டுத் தெற்கே கிளம்புகிறது. ஆறு குறுக்கே வருகிறது, துரத்துகிறவர்கள் பின்னால் வருகிறார்கள், மரம் வளைந்து வழிவிடுகிறது. கரிசல் காட்டை அடைந்து, நெருப்பு வைத்துக் காட்டை அழித்து, நிலம் கண்டு, ஊர் கட்டுகிறார்கள். கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள். பாம்படத்துக்காக ஒரு சூலியைக் கொன்றவனை ஊரே பிடித்து, விசாரித்து, கழுவேற்றுகிறது. அந்தப் பெண் சாகும்போது கொலைகாரனின் கால்விரலைக் கடித்துப் பிடித்திருக்கிறாள், அதுதான் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. இதையெல்லாம் சொல்வது நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரம்மாள். கடைசியில் கும்பினி ஆட்சி வந்து சேர்கிறது.

பெருநடை, காடு திருத்தல், கொள்ளை, ஊர் நீதி, கடைசியில் அரசாங்கம். அமெரிக்கக் கதையில் என்னென்ன உண்டோ அத்தனையும் இருக்கின்றன. ஒரு பெண்ணின் மானத்துக்காக ஒரு ஜனமே நடந்தது என்பது கூடுதல். அந்தக் காட்டை எரிக்கும்போது அங்கே ஏற்கெனவே யார் இருந்தார்கள் என்று வயோமிங்கைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வியைக் கரிசலைப் பார்த்தும் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நல்ல நாவல் அந்தக் கேள்வியைத் தாங்கும்.

ஆனால் கி.ரா.வைப் படிக்காத லட்சக்கணக்கான தமிழர்களுக்கு எல்லைப்புறம் எங்கிருந்து வந்தது? சிவகாசியிலிருந்தும் கோடம்பாக்கத்திலிருந்தும் வந்தது. எம். கர்ணன் என்ற ஒளிப்பதிவாளர் இயக்கத்துக்கு வந்து ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றினார். 1970-இல் 'காலம் வெல்லும்', 1972-இல் 'கங்கா', 'ஜக்கம்மா'. சின்னப் பையனாக ஒரு டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து 'கங்கா' பார்த்தேன். தொப்பி போட்ட தமிழன், இடுப்பில் துப்பாக்கி, பேச்சு அப்படியே நம்மூர்ப் பேச்சு. எந்த நாடு, எந்தக் காலம் என்று கொட்டகையில் ஒருவரும் கேட்கவில்லை. 2010-இல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தபோது கதையில் ஓர் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில் இருந்த நன்றி எனக்குப் பிடித்திருந்தது.

காமிக்ஸ் கதை இன்னும் சுற்றுவழி. நாம் அமெரிக்கக் கதை என்று படித்த டெக்ஸ் வில்லர் 1948-இல் இத்தாலியில் பிறந்தவர். லக்கி லூக் பெல்ஜியம். நம்மூரில் கேப்டன் டைகர் என்று பெயர் பெற்றவர் பிரெஞ்சு மொழிக் காமிக்ஸின் ப்ளூபெர்ரி. ஆக, அமெரிக்காவின் எல்லையை ஐரோப்பியர்கள் கனவு கண்டார்கள், அந்தக் கனவைச் சிவகாசியில் தமிழில் அச்சடித்தார்கள், நான் கணக்கு வகுப்பில் படித்தேன். டெக்ஸ் கதையில் ஒரு காதல் உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. நவஹோ தலைவரின் மகள் லிலித்தை அவர் மணக்கிறார், மகன் பிறக்கிறான். பெரியம்மைக் கிருமி படிந்த கம்பளிகளை வியாபாரிகள் நவஹோக்களிடம் தள்ளிவிட, லிலித் அதில் இறந்துபோகிறாள். அதன்பின் ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஓடியும் அந்த மனிதர் மறுமணம் செய்துகொள்வதில்லை. நவஹோக்கள் அவரை இரவுக்கழுகு என்கிறார்கள். பதின்மூன்று வயதில் நான் துப்பாக்கிச் சத்தத்துக்காகப் படித்தேன். இப்போது அந்தக் கம்பளிக்காகப் புரட்டுகிறேன்.

மறக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்ன மாட்டுத் திருட்டுக்குத் திரும்புகிறேன். ஸ்டீவ் திருடினான், கயிறு கிடைத்தது. நம் ஊரில் அவனுக்கு என்ன கிடைத்திருக்கும்? ஒரு கல் கிடைத்திருக்கும்.

2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்தில் நடுகற்கள் கிடைத்தன, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. ஒன்றில் கூடல் ஊர் ஆகோள் என்று வருகிறது. ஆகோள் என்றால் ஆவைக் கொள்வது, அதே மாடு பிடி சண்டை. திருவண்ணாமலைப் பக்கம் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்துக் கற்கள் ஏராளம். மாட்டு மந்தையை அவற்றில் தொறு என்பார்கள். தொறுவைக் காத்து மீட்டுச் செத்தவனுக்கும் கல் உண்டு, தொறுவைக் கவரப்போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. கவரப்போன வெட்சிக்காரனும் வீரன், மீட்கப்போன கரந்தைக்காரனும் வீரன். இரண்டு கல்லுக்கும் பூசை உண்டு. விஸ்டருக்கு இந்த ஊர்வழக்கம் தெரிந்திருந்தால் அந்த நாவலின் பாதிப் பக்கம் தேவைப்பட்டிருக்காது. வர்ஜீனியன் தன் நண்பனுக்கு ஒரு கல் நட்டுவிட்டு நிம்மதியாகக் கல்யாணம் செய்துகொண்டிருப்பான்.

உங்கள் ஊருக்கு மிக அருகே ஒரு போர்க்களம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முடிச்சூர்ப் பக்கமாகப் போனால் மணிமங்கலம். நரசிம்மவர்மன் புலிகேசியை முறியடித்த இடங்களில் ஒன்றாகப் பல்லவர் செப்பேடுகள் சொல்லும் ஊர். 'சிவகாமியின் சபத'த்தில் கல்கி அதைக் கொண்டுவந்தார். இந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போனால் பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குகை. அந்த மகேந்திரனைத்தான் கல்கி நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்த்தி வைத்தார்: சிற்பி, பாடகர், மாறுவேடக்காரர், நாடக ஆசிரியர். அவர் அரண்மனை எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும்.

அதே மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில் கருந்தேவகத்தி என்ற வாலிபன் தன் எருமைகளுக்காகச் செத்தான். கல்லில் அவன் வில்லோடு நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். நாய்க்குப் பெயர் கோவிவன். வந்த கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு அது அங்கேயே காவல் நின்றது என்று தனியாக நாய்க்கும் ஒரு குறிப்பு வெட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை, மூன்று நான்கு வரி. யாருடைய ஆட்சி, யாருடைய ஆள், எப்படிச் செத்தான், நாயின் பெயர் என்ன, எல்லாம் இருக்கிறது. விடிந்ததும் எருமைகள் வீடு திரும்பியபோது வாசலில் நின்ற பெண்ணின் பெயர் இல்லை. அவள் மனைவியா, அத்தை மகளா, அல்லது பக்கத்து ஊரிலிருந்து இரவில் வந்துபோனவளா என்றும் இல்லை.

எனக்கு எழுத வராது, படிக்கத்தான் வரும். இந்த அவையில் எழுதுகிற பிள்ளைகள் நாலைந்து பேர் இருப்பதாகச் செயலாளர் சொன்னார். எடுத்தனூருக்கு ஒருமுறை போய்வாருங்கள். நாயிலிருந்து தொடங்கினாலும் சரி.

தாம்பரம் வண்டிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறதாம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.